இறுகும் முன் கடைந்த கட்டை

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு அவன் பொய்ப்பல் செய்யும் அந்தப் பல் கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். நேரம் அவளுக்கு அத்தனை துல்லியமாக நினைவிருந்ததற்குக் காதல் காரணமில்லை. மூன்றே முக்காலுக்கு அழுத்தக் கலத்திலிருந்து ஓர் அச்சை அவள் எடுத்தாக வேண்டும். கடிகாரத்தை விட்டுக் கண் அகலாதிருந்த அந்த வேளையில்தான் அவன் ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தான்.

"இது எங்கம்மா பல்லு. கடிக்க மாட்டேங்குது."

"பல்லா, அம்மாவா?"

அவன் விழித்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றே முக்கால் ஆகிவிட, அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோதும் அவன் அதே இடத்தில், அதே சிரிப்பின் மிச்சத்தோடு நின்றிருந்தான்.

பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பொய்ப்பல் வரிசை செய்து கொடுப்பது அவள் தொழில். இளஞ்சிவப்புப் பிசினில் ஈறு வார்த்து, அதில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, அழுத்தக் கலத்தில் இறுக வைத்து, தேய்த்து மெருகேற்றுவாள். தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். முப்பத்திரண்டு வயதில் பெண்ணுக்கு அமையக்கூடிய பட்டப்பெயர்களில் அது ஒன்றும் இனிமையானதில்லை. ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொடுக்கிறவளுக்கு ஒரு பட்டப்பெயர் பாரமா என்ன?

அவன் மரம் கடைகிறவன். கட்டில்கால், மாடிப்படிக் கைப்பிடியின் குட்டித் தூண்கள், நாற்காலி முதுகின் உருளைகள் ஆகியவை அவன் கைவரிசை. மரக்கடைக்காரர்கள் அவனைக் கட்டில்கால் என்றே அழைத்தார்கள். அன்று அவன் சட்டைப் பையில் மரத்தாலான ஒரு பேனா செருகியிருந்தது. மூடிக்குக் கீழே தொடங்கிய வெடிப்பு ஒன்று தண்டின் பாதிவரை ஓடியிருந்ததை அவள் கண் முதலிலேயே பார்த்துவிட்டது. விரிசலைத் தேடுவதே அவள் பிழைப்பு.

"பேனா ஏன் வாயைப் பொளந்துட்டு நிக்குது?"

"மரம் சரியாக் காயலை மேடம். காய விடாம கடைஞ்சுட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"குடுத்துட்டுப் போங்க. பல்லோட சேர்த்துத் தர்றேன்."

அடுத்த வாரம் அவன் வந்தபோது தாயின் பல்வரிசை சீராகியிருந்தது. பேனாவின் வெடிப்பிலோ ஈறு வார்க்கும் பிசின் நிரம்பியிருந்தது. கருத்த மரத்தில் ஓர் இளஞ்சிவப்பு மின்னல். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேனாவுக்கே ஈறு வெச்சுட்டீங்களே!"

"இனிமே கடிக்கும்," என்றாள் அவள்.

அந்தப் பேனாவை ஒரு வங்கி அலுவலர் அவன் பையிலிருந்து உருவிப் பார்த்துவிட்டு, கேட்ட விலை கொடுத்து வாங்கிப் போனார். பத்துக் கட்டில்கால் கடைந்தாலும் கிடைக்காத பணம் அது. அவன் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான். இரண்டு பேருடைய வாழ்க்கையும் அந்த மூச்சிரைப்பிலிருந்து தொடங்கிற்று எனலாம். ஓராண்டு கழித்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டு, அங்கிருந்து நேராக மரக்கடைக்குப் போய்த் துண்டுக்கட்டைகள் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

வீடு என்பது இரண்டு அறைகள். முன்னறையில் கட்டில், அடுப்பு, துணி அலமாரி. பின்னறையில் மேசை நீளமே உள்ள ஒரு கடைசல் இயந்திரம். அதன் எதிரே சன்னலோரம் அவளுடைய வார்ப்பு மேசை. இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவில்லை, ஒரு திரைச்சீலை மட்டும். பேனா வேலைக்கு ஈறுப் பிசின் ஒத்துவராது என்று கண்டபின், இரண்டு புட்டிகளில் வரும் வேறு பிசினுக்கு மாறினார்கள். ஒன்று ரெசின், மற்றது அதை இறுக்கும் ஹார்டனர். இரண்டையும் அளந்து, குமிழி புகாமல் குச்சியால் மெல்லக் கலக்கி, வண்ணத்தூள் தூவி, ஓரம் கரடுமுரடாக உடைந்த மரத்துண்டை அச்சில் கிடத்தி அதன்மேல் ஊற்றுவாள். இறுகியபின் பாதி மரமும் பாதிக் கண்ணாடியுமாக ஒரு கட்டை கிடைக்கும். அதைத் துளையிட்டு, உளி பிடித்துக் கடைந்து, உப்புத்தாளால் தேய்த்து, எழுதுமுனை பொருத்துவது அவன் வேலை.

அவர்கள் வேலையில் ஒரு சட்டம் இருந்தது. ஒரே ஒரு சட்டம். வார்த்த கட்டை ஓரிரவில் கல்லைப்போல் ஆகிவிடும். ஆனால் அது வெளிப்பார்வை. உள்ளே முழுக்க இறுக ஒரு வாரம் பிடிக்கும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். அவள் ஒவ்வொரு கட்டையிலும் நகத்தை அழுத்திப் பார்ப்பாள். பிறகு மூக்கருகே கொண்டுபோவாள். நகம் பதியாமல், வாசனையும் வராமல் இருந்தால் அடிப்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுப்பாள். கோடு விழாத கட்டையை அவன் தொடக் கூடாது.

"நீ என்ன ஸ்கூல் டீச்சரா? சரின்னு கோடு போட்டாத்தான் நான் பாஸா?"

"பாஸ் ஆகறது கட்டை. நீங்க எப்பவும் ஃபெயில்தான்."

"அதான் உன்னைக் கட்டிக்கிட்டேனே, அதைவிடப் பெரிய பெயிலு உண்டா?"

இப்படிப் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவர்கள் ஆறேழு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். பேனாக்களுக்குப் பெயர் வந்தது. அவற்றுள் ஒன்றைக் கேட்டு வாங்குவதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஆள்கள் வந்தார்கள். நீலமும் சாம்பலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தும் கலந்துவிடாமல், விளக்கை ஊதி அணைத்ததும் எழும் புகையைப்போல் மரத்தின் ஓரத்தில் சுருண்டு நிற்கும் பேனா அது. வாங்குகிறவர்கள் புகைநீலம் என்றார்கள். வந்தவர்கள் அவன் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள், சுழலும் இயந்திரத்தின் முன் நிற்கிறவன்தானே கண்ணுக்குத் தெரிகிறான். அதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. அவளுடைய கோரிக்கை ஒன்றே ஒன்று: பின்னறைச் சுவரில் தூசியை வெளியே இழுக்கும் ஒரு விசிறி. "அடுத்த மாசம்," என்பான். அந்த அடுத்த மாதம் கானல்நீரைப்போல, நெருங்க நெருங்கத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஒரு காப்பீட்டு நிறுவனம் தன் முகவர்களுக்குப் பரிசளிக்க இருநூறு புகைநீலப் பேனாக்கள் கேட்டது. இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. அவள் பல் கூடத்தில் அரைநேரம் மட்டும் வேலை பார்ப்பதென்று சொல்லிவிட்டு வந்து, நாள்தோறும் வார்த்தாள். ஆனால் அந்தப் பருவம் அவர்களுக்குப் பகையாக வாய்த்தது. ஓயாத மழை, சுவரெல்லாம் ஈரம். அச்சிலிருந்து எடுத்த கட்டைகள் பார்வைக்குக் கண்ணாடியாக இருந்தும், மூக்கருகே கொண்டுபோனால் லேசான ஒரு புளித்த நெடி வந்தது.

"இன்னும் நாலு நாள் போகட்டும்," என்றாள்.

"நாலு நாள் போனா ஆர்டரே போயிடும்டி."

"போனாப் போகட்டும். பதறாத காரியம் சிதறாதுங்க."

"பழமொழியை வெச்சு வாடகை குடுக்க முடியுமா?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். பிற்பகல் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு நீலமாக இருந்தது.

வெளிச்சம் போதவில்லை என்று அவன் திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்திருந்தான். உப்புத்தாளில் உதிர்ந்த மாவு முன்னறை முழுக்கப் படிந்திருந்தது: கட்டிலின் மேல், தலையணையின் மேல், தண்ணீர்க் குடத்தின் மூடியின் மேல், கொடியில் தொங்கிய அவளுடைய துண்டின் மேல். அவன் புருவம்கூட நீலமாயிருந்தது. முகத்திலோ அப்படியொரு மகிழ்ச்சி.

"பார்த்தியா! முப்பது முடிச்சுட்டேன். வெண்ணெய் மாதிரி வந்துச்சு."

முழுக்க இறுகிய ரெசின் வெண்ணெயாக வராது, பொடியாக உதிரும். அது அவனுக்கும் தெரியும். அவள் குனிந்து, அறுத்துப் போட்ட கட்டையின் அடித்துண்டு ஒன்றை எடுத்தாள். அதில் சுண்ணக்கோடு இருந்தது. அவள் இழுப்பது இடமிருந்து வலம் ஏறும் கோடு. இது செங்குத்தாக இறங்கியிருந்தது.

"இது யார் போட்டது?"

"நகம் வெச்சுப் பார்த்தேன். பதியலை. அதான் நானே போட்டேன். நீ இருந்தாலும் போட்டிருப்பே."

"மோந்து பார்த்தீங்களா?"

"எனக்குத்தான் சளி பிடிச்சிருக்கே."

அவள் விளக்குமாற்றை எடுத்து அறையைப் பெருக்கினாள். விரிப்பை வாசலில் உதறினாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். கோபத்தை வேலையில் தீர்த்துக்கொள்வது அவள் வழக்கம். பெருக்கப் பெருக்கத் தூசி எழும்பிற்று. எழும்பியதை எல்லாம் அவள் சுவாசித்தாள். அந்தத் தலையணையில் தலைவைத்துத்தான் உறங்கினாள்.

காலையில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் இரண்டும் பழம்போல வீங்கியிருந்தன. கழுத்திலும் கைகளிலும் கொப்புளங்கள். மூச்சு விசில் அடித்தது.

தோல் மருத்துவர் வயதான அம்மையார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க இத்தனை வருஷம் கையால தொட்டிருக்கீங்க, உடம்பு பொறுத்துக்கிச்சு. சரியா இறுகாததை இழைச்ச தூசி இருக்கே, அது வேற. இப்ப உங்க உடம்பு அதைப் பகையாளின்னு முடிவு பண்ணிடுச்சும்மா. இனி மாத்திக்காது."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"நாள் கணக்கு இல்லை. ஆயுசுக்கும் அதுகிட்ட போகாதீங்க. அது இருக்கற வீட்ல படுக்காதீங்க."

அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "எனக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டர்? நான்தானே கடைஞ்சேன்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் அவள்மேல் அவனுக்கு ஐயம் இருந்ததா, தன்மேல் அச்சம் இருந்ததா என்பதை அவள் பல ஆண்டுகள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். இரண்டும் இருந்திருக்கலாம்.

ஐயத்தை வாய்விட்டுச் சொன்னவள் அவனுடைய அக்கா. பார்க்க வந்தவள் கட்டிலின் விளிம்பில்கூட உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "வேலை செய்யப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிட்டுப் போயேம்மா. கையெல்லாம் கொப்புளம், கண்ணெல்லாம் வீக்கம்னு எதுக்கு இந்த நாடகம்? அவன் உழைப்பு வெளிய தெரியற நேரம் பார்த்துத்தானா உனக்கு நோவு வரணும்?"

"நீங்க உட்காருங்க அண்ணி. அந்தத் தூசி உங்களை ஒண்ணும் பண்ணாது," என்றாள் அவள், மூடிய கண்களோடு.

அறையைக் கழுவிப் பார்த்தார்கள். பின்னறைக்குக் கதவு போட்டுப் பார்த்தார்கள். விசிறிகூட வந்துவிட்டது, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக. எதுவும் பயனளிக்கவில்லை. கதவையும் விசிறியையும் கடந்து தூசி அவனுடனேயே வந்தது. அவன் சட்டை மடிப்பில், தலைமுடியில், நகக்கண்ணில். அவன் அருகே படுத்தால் விடிவதற்குள் அவள் இமை கனத்தது. ஒரு பெண்ணுக்குத் தன் கணவனே ஒவ்வாமையாகிப் போவதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது?

மூன்றாவது தெருவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் ஓர் அறை கிடைத்தது. பெட்டியை அவன்தான் தூக்கி வந்தான். மாடிப்படியின் நடுவில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பார்த்தபடி சொன்னான். அந்தக் கைப்பிடியின் குட்டித் தூண்களை ஒருகாலத்தில் அவனே கடைந்திருக்கக் கூடும்.

"ஒரு வருஷம். இந்த ஆர்டரும் அடுத்து வர்ற ரெண்டும் முடியட்டும். அதுக்கப்புறம் ரெசின் பக்கமே போகமாட்டேன். எல்லாத்தையும் வித்துட்டுப் பழையபடி கட்டில்கால் கடையறேன். நீ வீட்டுக்கு வந்துடு. சத்தியமா சொல்றேன்."

"சத்தியமெல்லாம் வேணாம். சொன்னாப் போதும்."

"சொல்லிட்டேன்ல."

பல் கூடத்தின் முதலாளி நல்ல மனிதர். பிசின் வேலைக்கு இனி அவள் உதவமாட்டாள் என்றதும் வெளியே அனுப்பிவிடவில்லை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அளவுகளில் ஜிப்சம் என்ற வெள்ளை மாவைக் குழைத்து ஊற்றி மாதிரி எடுக்கும் வேலையை, முன்புற அறையில், அவளுக்குக் கொடுத்தார். நிறமில்லாத வேலை. நாள் முழுக்க யார் யாருடைய வாயோ அவள் கையில் வெள்ளையாக இறுகிற்று. அது கால் மணி நேரத்தில் இறுகிவிடும். நகத்தையும் மூக்கையும் நம்ப வேண்டியதில்லை.

முதல் சில மாதங்கள் அவன் நாள்தோறும் வந்தான். அவன் வருகைக்கென்றே ஒரு சட்டையும் வேட்டியும் அவளிடம் இருந்தன. சைக்கிள் கடையின் பின்புறக் குழாயடியில் குளித்துவிட்டு, அவள் மேலேயிருந்து கயிற்றில் இறக்கிய அந்த உடையை மாற்றிக்கொண்டு படியேறுவான். சைக்கிள் கடைக்காரருக்கு இது பெரிய வேடிக்கை.

"என்ன கட்டில்கால், பொண்டாட்டியைப் பார்க்கறதுக்கா, ஆபரேஷன் தியேட்டருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. ரெண்டு எடத்துலயும் நாம வாய் திறக்க முடியாது."

மேலே வந்ததும் அவள் வாசலில் நிறுத்தி அவன் காதையும் நகத்தையும் சோதிப்பாள். பாதி நாள் அவன் நிற்கமாட்டான். அவளைக் கண்டதும் சட்டத்தை மறந்து உள்ளே வந்துவிடுவான். "நில்லுங்க, நில்லுங்க!" என்று அவள் பின்வாங்கிச் சுவரில் மோதுவாள். திட்டுவாள். மறுநாள் கண் வீங்கும். அந்த வீக்கத்தோடு மாவு குழைக்கும்போது, வலித்தாலும், உள்ளுக்குள் ஏதோ ஒன்று இனித்துக்கொண்டிருக்கும். இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

நாள்தோறும் என்பது வாரம் இருமுறையாயிற்று. பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். வேலை அப்படி. அவள் குறை சொல்லவில்லை. ஆண்டு நிறைவை அவள் மனத்துக்குள் வைத்திருந்தாள், வாய்விட்டு எண்ணவில்லை. அது நிறைந்த அந்த ஞாயிறன்று அவன் வழக்கத்துக்கு முன்பாகவே வந்தான். முகம் பளபளத்தது. அவள் துடைத்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"பெரிய ரோட்ல கடை பார்த்திருக்கேன். முன்னாடி முழுக்கக் கண்ணாடி. வெளிச்சம்னா வெளிச்சம், அப்படியொரு வெளிச்சம்! இன்னொரு லேத்தும் வாங்கிட்டேன். வார்க்கறதுக்கு ஒரு பொண்ணு வர்றா. முன்னே பெயிண்ட் கம்பெனில இருந்தவ. விவரமான பொண்ணு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சொன்ன சொல்லை மறைத்து வைத்துக்கொண்டு பேசுகிறவனின் முகமாக அது இல்லை. மறந்துபோனவனின் முகம். மறைக்கிறவனிடமாவது கேட்கலாம், அவனுக்கு உறுத்தல் இருக்கும். மறந்தவனிடம் கேட்டால் முதலில் நினைவுபடுத்த வேண்டும்; பிறகு அவன் யோசிப்பான்; யோசித்துவிட்டு ஏதாவது சொல்வான். அந்த ஏதாவதுதான் அவளுக்கு அச்சம். கேட்காத வரைக்கும் அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை.

"நல்லதுங்க," என்றாள்.

கடையை அவள் ஒருமுறை போய்ப் பார்த்தாள், தெருவிலிருந்தபடியே. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு இயந்திரங்கள் சுழன்றன. அவற்றின் தலைக்குமேல் யானைத் தும்பிக்கை தடிமனில் தூசி இழுக்கும் குழாய். சுவரில் ஆணிகள், ஆணிகளில் மூன்று மூச்சுக் கவசங்கள், பக்கத்துக்கு ஒரு வடிகட்டி வைத்த உயர்ந்த வகை. வார்ப்பு மேசைக்கென்று தனியாகக் கண்ணாடி அறை. அவன் வெளியே வந்து, கைகட்டித் தள்ளி நின்று பெருமையோடு விளக்கினான். "இதெல்லாம் இருந்தாத்தான் வேலைக்கு வருவேன்னு அந்தப் பொண்ணு முதல் நாளே சொல்லிட்டா. சரின்னு ஒரே நாள்ல வாங்கிப் போட்டேன்."

அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கேட்டவளுக்குக் கிடைத்தது. தானும்தான் கேட்டாள், ஆனால் மனைவி கேட்பதற்கு எப்போதும் ஓர் அடுத்த மாதம் உண்டு.

ஆண்டுகள் போயின. ஞாயிறுகளும் இடைவெளி விட்டுத்தான் வந்தன. அவன் அக்கா முழுப் பல்வரிசை தேவைப்பட்டு, பல் கூடத்துக்கு வந்தாள். மாவு குழைக்கும் அவள் கையைப் பார்த்துவிட்டு, பல்லில்லாத வாயால் மெல்லச் சொன்னாள். "அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா. என் வாய்க்குத்தான் கடவுள் இப்படி வெச்சிட்டான். நீ ஒரு வார்த்தை கேளு. நீ வான்னா அவன் வந்துடுவான். எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவான். என் தம்பியை எனக்குத் தெரியும்."

"வாயைத் திறங்க அண்ணி, அளவு சரியா இருக்கான்னு பார்க்கணும்."

அக்கா சொன்னது அவளுக்குள் தங்கிவிட்டது. ஒருவேளை வந்துவிடுவானோ? ஒரு சொல்தானே! அந்தச் சொல்லை எப்படித் தொடங்குவது என்று அவள் மாவு குழைக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தாள். இந்த நிலையில்தான் அவனே ஒரு வேலைநாளில், குளிக்காமல் உடை மாற்றாமல், பல் கூடத்தின் வாசலில் வந்து நின்றான்.

"உள்ளே வரலை. அங்கேயே இரு. ஒரு உதவி வேணும்."

வெளிநாட்டுக் கடை ஒன்று புகைநீலம் கேட்டிருந்தது; நிறைய, வருடந்தோறும். அந்தப் பெண்ணுக்கோ அது வரவேயில்லை. நீலமும் சாம்பலும் ஒன்று சேர்ந்து சேறாகிவிடும். இல்லையென்றால் வெட்டிவைத்ததுபோலப் பிரிந்து நிற்கும். "எப்ப ஊத்தணும்னு அவளுக்குப் பிடிபடலை. எனக்கும் தெரியலை. நீ எப்படிப் பண்ணுவே?"

பிசின் கலக்கிய கோப்பை வெதுவெதுப்பாகி ஊற்றும் பதத்துக்கு வரும் நேரத்தை அவள் புறங்கையால் தொட்டு அறிவாள். கையுறை போட்டவளுக்கு அந்தச் சூடு தெரியாது. இதைச் சொல்லி அனுப்பிவிட்டிருக்கலாம். ஆனால் அவள் கையைக் கழுவிக்கொண்டு, "நானே வந்து சொல்றேன்," என்றாள். ஒத்திகை பார்த்த சொல்லை அங்கே சொல்லிவிடலாம் என்றிருந்தாள்.

பெரிய சாலையில், கண்ணாடிக்கு வெளியே அவள் நின்றாள். உள்ளே அந்தப் பெண் கவசத்தோடு கலக்கிக்கொண்டிருந்தாள். இருவரிடமும் கைப்பேசி.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது. குச்சியை மேல தூக்கும்மா. நூல் மாதிரி விழுதா?"

"விழுது. நடுவுல அறுந்து அறுந்து விழுது."

"அப்ப இன்னும் இல்லை. பேசிட்டிரு. உனக்கு எத்தனை பசங்க?"

"ரெண்டு. ரெண்டும் வாலு."

"இப்பத் தூக்கு."

"அறாம விழுது அக்கா. விழுந்து, ரிப்பன் மாதிரி மடிஞ்சு உட்காருது."

"ஊத்து. சாம்பல் முதல்ல. நீலம் ஓரத்துல. கலக்காதே, அச்சை மட்டும் ஒரு தடவை சாய்ச்சு எடு. போதும். கையை எடுத்துடு."

அவன் உள்ளே மூலையில் நின்று இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முழுதும் இறுக ஒரு வாரம் விட்டார்கள். இந்தமுறை அவன் பதறவில்லை. கடைந்து முடித்த நாள் ஆள் அனுப்பினான். அவள் நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு போனாள், வெட்கமாகத்தான் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவன் கவசத்தைக் கழற்றி, பேனாவை விளக்குக்கு நேரே பிடித்தான். மரத்தின் ஓரத்தில் புகை சுருண்டு நின்றது. அணைத்த விளக்கின் புகை, அதேதான். அந்தப் பெண் கைதட்டினாள். அவன் முகம் சிறுபிள்ளை முகமாகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்தான்.

அவள் பின்வாங்கத் தயாராக ஒரு காலைத் தூக்கிவிட்டாள். நில்லுங்க என்ற சொல்லும் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

அதற்குத் தேவை ஏற்படவில்லை. வந்த வேகத்தில், நடைபாதையின் விளிம்பில், அவளுக்கு எட்டாத தொலைவில், அவன் தானாகவே நின்றுவிட்டான். தடுமாறி நிற்கவில்லை; தன்னை அடக்கிக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுகிறவன் எப்படி நிற்பானோ அப்படி, யோசனையே இல்லாமல், கால் பழகிய இடத்தில் நின்றான். தூக்கிய காலை அவள் மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்படியே வந்திருக்கு பார்த்தியா! நீ இல்லாம நடந்திருக்காது. வருஷா வருஷம் இதே மாதிரி பண்ணிடலாம்ல? நீ இங்கே வெளிய நின்னு சொன்னாப் போதும்."

"பண்ணலாங்க."

"உனக்கு எதாவது வேணும்னா கேளு. கூச்சப்படாதே. உனக்கில்லாததா?"

அவன் மனமறிந்துதான் கேட்டான். கொடுக்கும் மனநிலையில்தான் இருந்தான். காசோ, வசதியான வேறொரு வீடோ, மாடியறைக்கு ஒரு விசிறியோ எது கேட்டிருந்தாலும் அன்றே கிடைத்திருக்கும். மாடிப்படியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவன் சொன்ன சொல்லை அந்தக் கணத்தில் நினைவூட்டியிருந்தால், அவன் திடுக்கிட்டு, திரும்பிக் கண்ணாடிக்குப் பின்னால் சுழலும் இரண்டு இயந்திரங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பான். அந்தத் திரும்பிப் பார்த்தலைக் காண அவள் விரும்பவில்லை.

"ஒண்ணும் வேணாங்க. வேலையைப் பாதில விட்டுட்டு வந்திருக்கேன். மாவு இறுகிடும்."

அதன்பின் ஒன்பது ஆண்டுகள், புகைநீலம் வார்க்கும் நாள்களில் எல்லாம் அவள் அந்தக் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று, எப்போது ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாடிப்படியில் அவன் கொடுத்த ஓராண்டுத் தவணையைப் பற்றி அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.